தகட்டில் இருந்த பதினான்கு எழுத்து

சின்னவளின் வலது கையில் மூன்று விரல்கள் போன பதினோராம் நாள், கம்பெனி நீட்டிய ஒரு தாளில் பெரியவள் கையெழுத்துப் போட்டாள்.

இருவரும் கூடப்பிறந்தவர்கள். ஏழு வயது வித்தியாசம். ஒரே ஷூ கம்பெனியில், ஒரே கொட்டகையில், எதிரெதிர் மெஷினில் வேலை. ரப்பர் துண்டை அச்சில் வைத்தால் மேலிருந்து சூடான இரும்புத் தட்டு இறங்கி அழுத்தும். ஷூவின் அடிப்பாகம் வார்த்து வரும். நாலாம் நம்பர் சின்னவளுடையது, ஐந்தாம் நம்பர் பெரியவளுடையது. அந்த இரைச்சலில் பேச்சுக்கு வழியில்லை. எட்டு மணி நேரமும் அக்காவும் தங்கையும் புருவத்தாலேயே பேசிக்கொள்வார்கள். மாமியார் சண்டை, பிள்ளைக்குக் காய்ச்சல், மத்தியானம் என்ன சாப்பாடு, எல்லாம் புருவத்தில் அடங்கிவிடும்.

அன்றைக்கு நாலாம் நம்பரில் ரப்பர் அச்சோடு ஒட்டிக்கொண்டது. சின்னவள் சுவிட்சை அணைத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது. தட்டு மேலேயே நின்றது. அவள் கொஞ்சம் தயங்கினாள். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விசில் ஊதியே கூப்பிடுவதால் அவருக்கு 'விசில்' என்றே பெயர்.

"லைட்டுதான் அணைஞ்சிடுச்சே, இன்னும் என்ன வேடிக்கை? கையை விட்டுப் பிடுங்கும்மா!"

சின்னவள் கையை விட்டாள். அணைந்து கிடந்த மெஷினின் தட்டு இறங்கியது.

அந்தச் சத்தத்தைப் பற்றிப் பெரியவள் யாரிடமும் பேசியதில்லை. மெஷினின் சத்தத்தைச் சொல்கிறேன். சின்னவள் கத்தவே இல்லை.

பதினோராம் நாள் மேனேஜர் அறையில் குளிர்ந்த காற்றும், ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரும், பேனாவும் தயாராக இருந்தன. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. ஆஸ்பத்திரி பில் பாஸ் ஆகணும்ல? உங்க தங்கச்சிக்காகத்தான்" என்றார் மேனேஜர். தாள் அவள் தாய்மொழியில்தான் இருந்தது. மூன்றே பத்தி. பெரியவள் பத்தாவது வரை படித்தவள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் பிடித்திருக்கும் பேப்பரைப் பின்னாலிருந்தே படித்து முடிப்பவள். ஆனால் அந்த மூன்று பத்தியை அவள் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். தண்ணீரையும் குடித்தாள்.

இரண்டு வாரம் கழித்துச் சின்னவள் வீட்டுக்குக் கம்பெனியின் கடிதம் வந்தது. 'விபத்துக்கு ஊழியரின் கவனக்குறைவே காரணம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கையை நுழைத்ததை, உடன் பணிபுரியும் அவரது சகோதரியே உறுதி செய்துள்ளார்.'

சின்னவள் போன் செய்தாள். இடது கையால் எண்களை அழுத்தியதால் இரண்டு முறை தவறிப் போய், மூன்றாம் முறைதான் மணி அடித்ததாம். அதையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"மெஷின் ஓடிட்டிருந்துச்சாக்கா?"

"இல்லடி. அவங்க ஏதோ பில்லுக்குன்னு..."

"நான் சுவிட்ச அணைச்சத நீ பாத்தியா, பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்ப இனிமே என் வீட்டுப் படி ஏறாத."

அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டுவிட்டது.

பெரியவளுக்கு மேனேஜர் மேல் கோபம், விசில் மேல் கோபம், அந்தக் கண்ணாடி டம்ளர் மேல்கூடக் கோபம். ஆனால் முதல் கோபம் யார் மேல் என்று அவளுக்குத் தெரியும். அதை வெளியே சொல்ல முடியாததால் வீட்டில் பாத்திரங்கள் அடி வாங்கின. பஸ் ஓட்டும் அவள் வீட்டுக்காரர், "இந்த வீட்டுல இருக்கறதுக்கு டிராஃபிக்கே தேவலை" என்று சீக்கிரமே டூட்டிக்குக் கிளம்பத் தொடங்கினார்.

விபத்துக்குப் பிறகு எல்லா மெஷினிலும் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 'மெஷின் ஓடும்போது கையை நுழைக்காதே.' சிவப்பு எழுத்து. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடாத மெஷின்தானே நசுக்கியது? அந்த ஸ்டிக்கருக்குச் சற்று மேலே, மெஷினின் இடப்பக்கத்தில், உள்ளங்கை அளவு தகடு ஒன்று நாலு ஸ்க்ரூவில் நின்றது. மெஷின் வந்த நாளிலிருந்தே இருந்தது. அதில் இரண்டு வரி சீன எழுத்து. ஏழு வருஷமாக அவள் கண்ணெதிரே இருந்தது. துருவைப் போல, எண்ணெய்க் கறையைப் போல, அது எதையாவது சொல்கிறது என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்று விசிலைக் கேட்டாள்.

"மெஷின் பேரும் ஊர் பேரும் போட்டிருப்பான். உனக்கெதுக்கு? கப்பல் ஏறப் போறியா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அதைப் படித்தே தீருவதென்று அவள் முடிவு செய்தாள்.

சுலபமான வேலை இல்லை அது. ஷூவின் டிசைன் வெளியே போய்விடும் என்று கம்பெனிக்குப் பயம். போனை கேட்டிலேயே பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். வெளியே போகும்போது காவல்காரி பை, மடி, தலைமுடி எல்லாம் தடவிப் பார்ப்பாள். துண்டுச் சீட்டு இருந்தாலும் பிடுங்கிக் கிழித்துவிடுவாள். பெரியவள் சாப்பாட்டு நேரத்தில் பேனாவால் உள்ளங்கையில் அந்த எழுத்துகளை வரைந்துகொண்டாள். மடக்கிய கையோடு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போன் ரிப்பேர் கடை. அதன் மாடியில் 'சீன மொழி பேச, எழுத – ஞாயிறு காலை' என்று ஒரு பலகை தொங்கும். அன்றைக்கு ஞாயிறு இல்லை. ஆனாலும் டீச்சர் அங்கேயேதான் குடியிருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். சீனாவில் நாலு வருஷம் படித்துவிட்டு வந்தவள். பல் துலக்கும் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தாள்.

பெரியவள் கையை விரித்தாள். "இது என்னன்னு படிச்சுச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

டீச்சர் குனிந்து பார்த்தாள். விளக்கைப் போட்டும் பார்த்தாள்.

"இது எழுத்தா, நசுங்கின பூச்சியா?"

"பாத்து அப்படியே வரைஞ்சதுதான்."

"வரைஞ்சிருக்கீங்க. எழுதல. எந்தக் கோடு எதோட சேருதுன்னே தெரியல. இது ஒண்ணு 'பத்து'. அது நிச்சயம். கடைசில இருக்கறது 'கை'யா இருக்கலாம், 'முடி'யா இருக்கலாம். கீழ இருக்கற கொக்கி இடப்பக்கம் திரும்புச்சுன்னா கை. வலப்பக்கம் திரும்புச்சுன்னா முடி. எந்தப் பக்கம் திரும்புச்சு?"

பெரியவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். வியர்வையில் கொக்கி இரண்டு பக்கமும் வழிந்திருந்தது.

"பாக்கல."

"எழுதத் தெரிஞ்சாதான் அதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை வாங்க." கதவு சாத்தப்பட்டது.

சாத்திய கதவைப் பெரியவள் காலால் ஒரு எத்து எத்திவிட்டுத்தான் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை போகவும் செய்தாள்.

வகுப்பில் ஏழு பேர். இறக்குமதி வியாபாரம் செய்யும் இரண்டு பேர், கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், அப்புறம் இவள். கட்டம் போட்ட நோட்டில் ஒரே எழுத்தை ஒரு பக்கம் நிறைய எழுத வேண்டும். குறுக்குக் கோடு முதலில், நெடுங்கோடு அப்புறம். மேலிருந்து கீழ். இடமிருந்து வலம். 'வாய்' என்ற எழுத்து வெறும் சதுரம். பெரியவள் ஒரே இழுப்பில் சதுரம் போட்டாள். டீச்சர் ஸ்கேலால் மேஜையைத் தட்டினாள்.

"மூணு கோடு. இடப்பக்கச் சுவர் ஒண்ணு. மேல போய் வலப்பக்கம் இறங்கறது ரெண்டு. அடில மூடறது மூணு."

"கடைசில சதுரம்தானே வருது?"

"வருது. ஆனா தப்பு."

"படம் ஒண்ணா இருந்தா போதாதா? எந்தக் கோட்ட முதல்ல போட்டா உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் போன தடவ பூச்சி வந்துச்சு. உங்க கம்பெனில எப்படி? முதல்ல அழுத்திட்டு அப்புறமா ரப்பர் வைப்பீங்களா?"

பெரியவளின் காது சிவந்தது. "எனக்கு இருக்கறதே பதினாலு எழுத்து. அதச் சொல்லிக் குடுங்க, போயிடறேன். என் தங்கச்சிக்கு மூணு விரல் போயிருக்கு. இங்க நான் சதுரம் போட்டு விளையாட வரல."

கல்லூரிப் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்தார்கள். டீச்சர் முகத்தில் இரக்கம் ஒன்றும் வரவில்லை. நோட்டைத் திருப்பிப் புதுப் பக்கம் எடுத்து அவள் முன் தள்ளினாள்.

"அப்ப இன்னும் சரியா எழுதுங்க" என்றாள்.

பெரியவள் எழுதினாள். கோபத்தில் பென்சில் முனை மூன்று முறை உடைந்தது. கட்டத்துக்கு வெளியே போன ஒவ்வொரு எழுத்தையும் டீச்சர் சுழித்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளைப் பெரியவள் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? ஆனால் ஒன்றையும் கவனித்தாள். விபத்து என்று கேட்டதும் 'ஐயோ பாவம்' என்று சொல்லாமல், வேலையைப் பார் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

ஐந்தாறு வாரம் போயின. பெரியவளுக்கே தெரியாமல் ஒரு மாற்றம் நடந்தது. அடுத்த முறை மெஷின் அருகே நின்று தகட்டைப் பார்த்தபோது அது குச்சிக் குவியலாகத் தெரியவில்லை. இது முதலில், இது அடுத்து, இது கடைசி என்று கோடுகள் பிரிந்து வரிசையாக நின்றன. கடைசி எழுத்தின் கொக்கி இடப்பக்கம் திரும்பியிருந்தது.

கை.

அன்றைக்கு அதை மட்டும் வெளியே கொண்டுவந்தாள். ரப்பரை வைக்கும் நேரம் போக, கிடைத்த ஒவ்வொரு நொடியிலும் ஆள்காட்டி விரலால் தொடையில் எழுதிக்கொண்டே இருந்தாள். மேலே ஒரு சாய்வு, குறுக்கே இரண்டு, நடுவில் இறங்கி இடப்பக்கம் கொக்கி. நாலு கோடு. நூறு முறை எழுதினாள். காவல்காரி தலைமுடிவரை தடவிப் பார்த்தாள். விரலுக்குள் இருந்தது அவள் கைக்குச் சிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் போய் நோட்டில் எழுதிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

அப்புறம் நாளுக்கு ஒன்று, சில நாள் ஒன்றுமில்லை. முதல் வரியின் தொடக்கத்தில் இருந்த எழுத்து ஒரு வாரம் எடுத்தது. பதினோரு கோடு. டீச்சர் பிரித்துக் காட்டினாள்: "உள்ள இருக்கறது அரிசி. வலப்பக்கம் இருக்கறது பழைய கோடாலி. அரிசிய எழுதிட்டு, அப்புறமா அதச் சுத்திச் சுவரு. கடைசில கோடாலி. அர்த்தம், வெட்டறது, துண்டிக்கறது."

"சோத்துல கோடாலி. எங்க மேனேஜருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் பெரியவள்.

முதல் வரியின் ஆறாவது எழுத்தைக் கொண்டுவந்த ஞாயிறு இன்னொரு சண்டை. மேலே கூரை மாதிரி ஒரு மடிப்பு. தனியாக எழுதினால் அதற்குத் தொழிற்சாலை என்று பொருளாம். அதற்குள்ளே மண் என்ற எழுத்து. பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. எல்லாம் சேர்ந்தால் அழுத்துவது.

"அந்தச் சொட்டு என்ன, ரத்தமா?" என்றாள் பெரியவள்.

"புள்ளி. வெறும் புள்ளி. கதை கட்டாதீங்க. அதக் கடைசில போடணும், நீங்க நடுவுல போட்டிருக்கீங்க."

பெரியவள் மறுபடி எழுதினாள்.

மூன்று மாதத்தில் பதின்மூன்று எழுத்து சேர்ந்தது. ஒன்று மட்டும் சிக்கவில்லை. முதல் வரியின் நாலாவது எழுத்தின் மேல் எப்போதோ சிந்திய பசை காய்ந்து தடித்திருந்தது. ஐந்தாம் நம்பரில் மட்டும்தான் அப்படி. மற்ற மெஷின்களின் தகட்டை நின்று பார்க்க விசில் விடவில்லை.

அந்த ஞாயிறு டீச்சர் எழுத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தாள். அதற்குமுன் தனித்தனியாகச் சொல்லியிருந்தாளே தவிர, பெரியவள் அவற்றைத் தாறுமாறான வரிசையில் கொண்டுவந்திருந்ததால் வாக்கியமாகப் பார்த்ததில்லை. பார்த்ததும் ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

"சொல்லுங்க" என்றாள் பெரியவள்.

"'மின்சாரத்தைத் துண்டித்த பிறகு'... இங்க ஒண்ணு விட்டுப் போச்சு... 'அழுத்தம் இருக்கும். பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு கையை நீட்டவும்.'"

சுவிட்சை அணைத்தாலும் உள்ளே தேங்கிய அழுத்தம் தட்டை இறக்கிவிடும். பத்து நிமிடம்! ஏழு வருஷத்தில் அந்தக் கொட்டகையில் ஒருத்தரும் பத்து நொடி காத்திருந்ததில்லை. காத்திருந்தால் விசில் ஊதும். மெஷின் செய்தவன் எழுதி, ஸ்க்ரூ போட்டு, கண்ணெதிரே மாட்டி அனுப்பியிருக்கிறான். வாங்கியவன் அது என்னவென்று ஒரு ஆளை வைத்துப் படித்துச் சொல்லவில்லை. படிக்காததோடு விடாமல், அவள் தங்கைக்குக் 'கவனக்குறைவு' என்று பட்டம் வேறு கட்டியிருக்கிறான். யாருடைய கவனம்? யாருடைய குறைவு? கையிலிருந்த பென்சில் இரண்டாக உடைந்ததைச் சத்தம் கேட்டுத்தான் அவளே பார்த்தாள்.

"என்கிட்ட வேற பென்சில் இருக்கு" என்றாள் டீச்சர். "மனு எழுதறதுன்னா பேனாவே தர்றேன்."

மனுவைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்தாள். கொடுத்த நாலாம் நாள் அவளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். எட்டாம் நாள் பிரஸ் கொட்டகைக்கு வெள்ளையடித்தார்கள். மெஷின்களுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். ஆறாம் நம்பரில் வேலை செய்யும் பெண் சாப்பாட்டு நேரத்தில் காதில் சொன்னாள்: "அக்கா, தகடு ஒண்ணையும் காணோம். ஓட்டை நாலும் பெயிண்ட்ல மூடியாச்சு."

விசாரணை கம்பெனியின் மீட்டிங் அறையிலேயே நடந்தது. தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கும் பழக்கம் அவருக்கு. மேனேஜர், விசில் இருவரும் ஒரு பக்கம். மெஷின் செய்த நிறுவனத்தின் சர்வீஸ்காரர் ஒருவரையும் அதிகாரி வரச் சொல்லியிருந்தார். சீனாக்காரர், நாற்பது வயசிருக்கும்; இங்கே ஆறு வருஷமாக மெஷின் பழுது பார்ப்பவர். நம் பேச்சு அரைகுறையாக வரும். அவர் மூலையில் உட்கார்ந்து போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

சின்னவளும் வந்திருந்தாள். வலது கையைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அக்காவைப் பார்க்கவே இல்லை. நாலு மாதத்துக்குப் பிறகு பெரியவள் அவளைப் பார்க்கிறாள். தலையை இடது கையால் வாரியிருந்ததால் வகிடு கோணியிருந்தது.

"அப்படி ஒரு தகடே எங்க மெஷின்ல இல்ல மேடம்" என்றார் மேனேஜர். "வேணும்னா இப்பவே போய்ப் பாருங்க. இவங்க பத்தாவது படிச்சவங்க. சீன எழுத்தப் படிச்சேன்னு சொல்றாங்க. நம்பற மாதிரியா இருக்கு?"

"படிச்சேன்னு மட்டும் சொல்லல. எழுதவும் செய்வேன்" என்றாள் பெரியவள்.

அதிகாரி வெள்ளைப் பலகையைக் காட்டினார். பெரியவள் மார்க்கரை எடுத்தாள். அரிசியை எழுதினாள், சுற்றிச் சுவர் வைத்தாள், கோடாலியைப் போட்டாள். அடுத்தது மின்சாரம். அடுத்தது பிறகு. நாலாவது எழுத்துக்கு ஒரு கட்டம் காலி விட்டாள். ஐந்தாவதைப் போட்டாள். தொழிற்சாலை, மண், கடைசியாகப் புள்ளி. மார்க்கர் கீச்சிட்டது. மூலையில் போனைத் தள்ளிக்கொண்டிருந்த விரல் நின்றதை அவள் பார்க்கவில்லை, சின்னவள் பார்த்தாள்.

இரண்டாம் வரியும் முடிந்தது. கொக்கி இடப்பக்கம்.

மேனேஜர் சிரித்தார். "யாரோ எழுதிக் குடுத்தத மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காங்க. அதுலயும் ஒண்ணு மறந்து போச்சு பாருங்க மேடம், நடுவுல ஓட்டை."

"மறக்கல. அதுமேல பசை இருந்துச்சு. தெரியாதத நான் எழுத மாட்டேன்."

அதிகாரி சர்வீஸ்காரரிடம் திரும்பினார். "இது உங்க மெஷின்ல இருக்கற வாசகமா?"

சர்வீஸ்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜரின் பார்வை, வருஷா வருஷம் இவருக்குப் போகும் சர்வீஸ் வேலையை நினைவூட்டுகிற பார்வை. அவர் எழுந்தார். பலகைக்கு வந்து பெரியவளின் கையிலிருந்து மார்க்கரை வாங்கினார். காலியாக விட்டிருந்த இடத்தில் நாலு கோட்டில் ஓர் எழுத்தைப் போட்டார்.

"இன்னும்" என்றார். "கரண்ட் கட் பண்ணி, 'இன்னும்' அழுத்தம் இருக்கு. எல்லா மெஷினும் போடுறோம். லெஃப்ட் சைட். நாலு ஸ்க்ரூ."

மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. "பெயிண்ட் அடிக்கும்போது கழட்டியிருப்பாங்க..." என்று இழுத்தார்.

"கொஞ்சம் முன்னாடி, அப்படி ஒண்ணே இல்லன்னீங்களே?" என்றார் அதிகாரி. எழுதத் தொடங்கினார்.

பெரியவள் உட்காரவில்லை. "இன்னொண்ணும் எழுதிக்குங்க மேடம். மெஷின் ஓடிட்டிருந்துச்சுன்னு நான் போட்ட கையெழுத்து பொய். அவ சுவிட்ச அணைச்சத என் ரெண்டு கண்ணால பாத்தேன். கையை விடச் சொல்லி இவர் கத்தினதையும் கேட்டேன்."

விசில் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் சின்னவள் முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"ஏங்க்கா படிக்காமப் போட்ட?"

அறையில் எல்லோரும் இருந்தார்கள். 'பில்லுக்குன்னு சொன்னாங்க' என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. நாலு மாதமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பதில். பெரியவள் அதை விழுங்கினாள்.

"படிச்சா போட முடியாதுன்னு தெரியும். வேலை போயிடும்னு பயம். அதான் படிக்கல."

சின்னவள் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு எழுந்து வெளியே போனாள். பெரியவள் பின்னால் போகவில்லை. போக அவளுக்கு முகமில்லை.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. 'கவனக்குறைவு' என்ற சொல் நீக்கப்பட்டது. சின்னவளின் சிகிச்சையும், அவளுக்கு முடிந்த வேறு வேலையும் கம்பெனியின் பொறுப்பு. தகடுகள் திரும்ப வரவேண்டும், நம் மொழியிலும் இருக்கவேண்டும். விசிலை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மேனேஜர் அதே அறையில், அதே குளிர்ந்த காற்றில் இருந்தார். அது தெரிந்த அன்று பெரியவள் டீச்சரின் மாடிக்குப் போய், "கத்தினவன் போயிட்டான், கத்த வெச்சவன் உக்காந்திருக்கான்" என்று அரை மணி நேரம் திட்டினாள். டீச்சர் கடைசி வரை கேட்டாள். பிறகு, "அதையும் மனுவா எழுதுங்க" என்றாள். பெரியவள் எழுதினாள். அது இன்னும் எங்கோ ஒரு மேஜையில் கிடக்கிறது.

அவளை மறுபடி ஐந்தாம் நம்பருக்கே அனுப்பினார்கள். ஒரு காலையில் ஆறாம் நம்பரில் ரப்பர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் சுவிட்சை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புதுச் சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்ன நிக்கற?" அவள் தகட்டைக் காட்டினாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பல்லைக் கடித்தார், மற்றவர்களைப் பார்த்து "நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று கத்தினார். பெரியவள் தன் மெஷினையும் அணைத்தாள். ஏழாம் நம்பர் அணைந்தது. எட்டு, ஒன்பது. நாலாம் நம்பரில் இப்போது நிற்கும் புதுப் பெண் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவளும் அணைத்தாள். அந்தக் கொட்டகையில் வேலை நேரத்தில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டதில்லை. சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஆறாவது நிமிடத்தில், யாரும் தொடாத ஆறாம் நம்பரின் தட்டு 'டொம்' என்று தானாக இறங்கியது. சூப்பர்வைசர் ஒரு அடி பின்னால் துள்ளினார். அதன் பிறகு அவர் கத்தவில்லை.

அன்று சாயங்காலம் பெரியவள் பஸ்ஸில் இருக்கும்போது போன் அடித்தது. சின்னவள்.

"ஆறாம் நம்பர்காரி எல்லாம் சொன்னா" என்றாள்.

"ம்."

"எனக்கு உன்மேல இன்னும் கோபம் போகல."

"தெரியும்."

"போகும்னும் எனக்குத் தோணல. சும்மா சொல்லிட்டேன்." பின்னால் அவள் பிள்ளை எதற்கோ அழுதது. "வியாழக்கிழமை கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகணும். இவருக்கு லீவு இல்லியாம். நீ வர்றதுன்னா வா. வாசல்லயே நில்லு, நான் வர்றேன்."

"எத்தன மணிக்கு?"

"ஒன்பதுக்கு. லேட்டா வந்தா நான் போயிடுவேன்."

"எட்டரைக்கே நிக்கறேன்" என்றாள் பெரியவள். போனை வைத்துவிட்டு, கண்டக்டர் டிக்கெட் கேட்டு மூன்று முறை கூப்பிட்டதும் காதில் விழாமல், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாள்.